வானத்துப் புறம்போக்கு

குயிலாப்பாளையம் எல்லையோரத்து ஊர். இன்று விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் அடங்கியிருக்கும் அந்தச் செம்மண் மேடு, 1954 வரை பழைய தென்னார்க்காட்டின் கிழக்கு ஓரமாக, ஆங்கிலேயர் வகுத்த ஆட்சி எல்லைக்கு உட்பட்டுக் கிடந்தது. தெற்கே புதுச்சேரி, வடகிழக்கே காலாப்பட்டு. இரண்டும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. முந்திரித் தோப்பையும் பனங்கூடலையும் கடந்து சிறிது தொலைவு நடந்தால் வேறோர் அரசு, வேறொரு சட்டம், வேறொரு சுங்கம். துணிமூட்டையும் சாராயமும் மட்டுமன்றி, அச்சிட்ட தாளும் அந்த எல்லையில் கண்காணிக்கப்பட்டது. 1908இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பெயர்ந்த ‘இந்தியா’ இதழ், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடைவிதிக்கப்பட்டு, 1910 மார்ச்சோடு நின்றுபோனது தமிழ் இலக்கிய உலகம் அறிந்த செய்தி. கவிஞனின் சொல் தாளில் ஏறியபோது அதனைப் பிடித்துவைக்க ஓர் அஞ்சலகமும் ஒரு காவலரும் போதுமாயிருந்தனர்.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சொல் தாளை விட்டு வானில் ஏறிற்று. வானில் ஏறிய சொல்லுக்கு எல்லைக்கல் தெரியாது. சுங்கச்சாவடியின் தலைக்கு மேலே அது கடந்து செல்லும். இதனை முதலில் உணர்ந்தவர்கள் கவிஞர்கள் அல்லர், அரசுகள்தாம். ஆகவேதான் நிலத்தை அளந்து பட்டா வழங்கிய அதே கை, வானத்தையும் அளக்கப் புறப்பட்டது. வானலை எவருடைய உடைமை என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றளவும் முடிவுக்கு வரவில்லை. அதன் வரலாற்றில் சென்னைக் கடற்கரைக்கும் இலங்கைக்கும் உடுமலைப்பேட்டையில் பிறந்த ஒரு நீதிபதிக்கும் இடமுண்டு.

வழக்கின் பொருள் இன்னதென்பதை முதலில் தெளிந்துகொள்வது நலம். வானலை என்பது காற்று அன்று. காற்றில்லா வெற்றிடத்திலும் அது செல்லும். மின்காந்த அலைகளுள் ஒரு நொடிக்குச் சில ஆயிரம் முறை முதல் பல நூறு கோடி முறை வரை அதிர்வனவற்றை மனிதர் செய்தி அனுப்பப் பயன்படுத்துகின்றனர். அந்த அதிர்வெண்களின் முழு வரிசைக்குத் தமிழில் அலைக்கற்றை என்று பெயர் வழங்குகிறது. ஒரே ஊரில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். கவியரங்கில் ஒரே ஒலிபெருக்கியின் முன் இரு கவிஞர்கள் ஒருசேரப் பாடினால் அவையோருக்கு எது கேட்குமோ அதுவே வானொலிப் பெட்டியிலும் கேட்கும். ஆதலால் முறை வைப்பது இன்றியமையாததாகிறது. ஆயினும் நிலத்துக்கும் அலைக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. உழுத நிலம் சாரமிழக்கும். இறைத்த கிணறு வற்றும். வெட்டிய சுரங்கம் ஒழியும். ஒலிபரப்பு நின்ற மறுகணமே அலைவரிசை பழைய நிலையிலேயே கிடக்கும், ஒருவரும் தொடாததுபோல. எவ்வளவு பயன்படுத்தினாலும் குறையாத ஒன்றை எப்படி உடைமையாக்குவது?

தமிழ் ஊர்களுக்கு இவ்வகைப் பொருளோடு நெடுநாள் பழக்கம் உண்டு. வரித்தீர்வைக்கு உட்பட்ட நிலத்துக்குப் புறம்பாக ஒதுக்கப்பட்டது புறம்போக்கு. மேய்ச்சல் வெளி, ஏரி, களம், பாதை, இடுகாடு யாவும் அதில் அடங்கும். தனியொருவருக்குப் பட்டா இல்லை. ஆனால் ஊர் முழுமைக்கும் புழக்கம் உண்டு. பின்னாளில் ஆட்சியர் அலுவலகப் பதிவேடுகளில் அது ‘அரசுப் புறம்போக்கு’ ஆனது. ஊருக்குப் பொதுவாயிருந்தது அரசுக்குச் சொந்தம் என்ற பொருள் மெல்ல ஏறியது. அதைவிடக் கொடுமை, அச்சொல்லே வசைச்சொல்லாகிப் போனது. ஒரு மொழி தன் பொதுச்சொத்தின் பெயரை வசையாக்கிக்கொண்ட விந்தையைச் சொல்லாராய்ச்சியாளர் எவரேனும் விரிவாக எழுதலாம்.

வானத்துப் புறம்போக்கு இந்தியாவில் அரசுடைமையான கதை இரண்டு சட்டங்களில் அடங்கும். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைத்து இயக்கும் தனியுரிமையை நடுவண் அரசுக்கே ஒப்படைத்தது. அச்சட்டம் எழுதப்பட்டபோது மார்க்கோனிக்கு வயது 11. வானொலி என்ற கருத்தே பிறக்கவில்லை. கம்பித் தந்திக்காக வெட்டிய சட்டையைக் கம்பியில்லாக் குழந்தைக்கும் பின்னாளில் மாட்டிவிட்டனர். இரண்டாவது, 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். 1934 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இது, உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பேசுவதற்கு மட்டுமன்று, கேட்பதற்கும் அரசின் இசைவு வேண்டும் என்பதே இதன் சாரம். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி வானொலிப் பெட்டிக்கு உரிமம் புதுப்பித்த தலைமுறையினர், வானத்துக்குக் குத்தகை கட்டிய குடியானவர்கள் எனலாம். அந்த வழக்கம் 1980களில்தான் ஒழிந்தது.

இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சென்னையில் நடந்தது வேறு வகையானது. நினைவில் நிறுத்தத் தக்கது. 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அதே ஆண்டு சூலை 31 முதல் 40 வாட் ஆற்றல் கொண்ட சிறு கருவியால் ஒலிபரப்பத் தொடங்கியது. இன்று ஒரு பழைய மின்விளக்கு உண்ணும் மின்சாரம் அவ்வளவே. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927இல் தனியார் நிறுவனம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்குவதற்கு மூன்றாண்டு முன்னதாகவே, ஆர்வலர் கூடிய ஒரு கழகம் சென்னை வானில் பாட்டையும் பேச்சையும் தவழவிட்டது. பணமின்மையால் 1927இல் கழகம் ஓய்ந்தது. கழகத்தார் தம் கருவியை விற்றுக் கடன் அடைக்கவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அதனை இயக்கியது.

மாநகராட்சி செய்ததில் குறிப்பிடத்தக்கது, அது கேட்பவரைத் தேடிச் சென்றமையே. வானொலிப் பெட்டி வசதி படைத்தவர் வீட்டுப் பொருள். உரிமக் கட்டணமோ ஆண்டுக்கு 10 ரூபாய். 1929 முடிவில் நாடு முழுவதிலும் உரிமம் பெற்றோர் எண்ணிக்கை 8,000த்தை எட்டவில்லை. அந்நிலையில் சென்னை மாநகராட்சி கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நட்டது. மாலையில் மணலில் அமர்ந்தவன் காசு கொடாமலேயே இசை கேட்டான். பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தனி நிகழ்ச்சிகளும் இருந்தன. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பூங்கா ஆகியவற்றின் வரிசையில் வானொலியையும் நகராட்சிக் கடமையாகக் கருதிய அந்த எட்டாண்டுக் காலம், வானலை பொதுவுடைமை என்ற கருத்துக்குத் தமிழகம் தந்த முதல் விளக்கவுரை. சட்டமொழியில் ஒரு வரியும் எழுதாமல், ஒலிபெருக்கிக் கம்பத்தை நட்டு எழுதிய உரை அது. 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்று, மாநகராட்சியின் பணி முடிவுற்றது. மறு ஆண்டே திருச்சிராப்பள்ளி நிலையமும் வந்தது. ஒலிபரப்பின் ஆற்றல் பெருகியது. நிகழ்ச்சியின் தரமும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒலிபரப்பை நகரத்தார் தம் மன்றத்தில் விவாதித்து நடத்திய நிலை போய், தில்லியிலிருந்து ஆணை பெறும் நிலை வந்தது.

அதே பத்தாண்டில் கடல் கடந்த அமெரிக்காவில் மறுகோடி ஆட்டம் நடந்தது. 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய அதே ஆண்டு இயற்றிய சட்டத்தால் அங்கு உரிமமுறை வந்திருந்தது. 1926இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றால் அதிர்வெண்ணைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றானதும், சில மாதங்களுக்குள் 200 புதிய நிலையங்கள் முளைத்து, விரும்பிய அலைவரிசையில் விரும்பிய ஆற்றலோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. சிகாகோவில் செய்தித்தாள் ஒன்றின் வானொலி நிலையம், முதலில் பயன்படுத்தியவருக்கே அலைவரிசை சொந்தம் என்று வழக்காடி வென்றது. புறம்போக்கில் முதலில் வேலி போட்டவனுக்கே நிலம் என்பது போன்ற வாதம் அது. அமெரிக்கப் பேரவை விழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் பெறுவோர் அலைவரிசையின்மேல் சொத்துரிமை கோரமாட்டோம் என்று எழுதித் தரவேண்டும் என்றது; உரிமம் பொதுநலன் கருதியே வழங்கப்படும் என்றது. ரொனால்டு கோஸ் என்ற பொருளியல் அறிஞர் 1959இல் இதற்கு எதிர்வாதம் எழுதினார். நிலத்தை விற்பதுபோல் அலைவரிசையையும் விற்றுவிட்டால் குழப்பம் தானே தீரும் என்பது அவர் கட்சி. அன்று அதனை நகைத்தவர்களே மிகுதி. பிற்காலத்து ஏல மண்டபங்களின் அடிக்கல் அக்கட்டுரைதான்.

போர்க்காலத்து நிகழ்ச்சிகள் அரசின் பிடியை இறுக்கின. 1942 ஆகஸ்டு 27 முதல் நவம்பர் 12 வரை பம்பாயில் இடம் மாறி மாறி இயங்கிய காங்கிரசு வானொலி, உஷா மேத்தாவும் தோழர்களும் சிறை செல்வதில் முடிந்தது. தென்கிழக்காசியாவிலிருந்து ஆசாத் இந்த் வானொலி தமிழிலும் பேசிற்று; அதனைக் கதவடைத்துக் கேட்டவர்கள் தமிழகத்தில் இருந்தனர். கேட்பது குற்றம் என்ற சட்டத்தின் முழுப்பொருள் அப்போது விளங்கியது. விடுதலைக்குப் பின்னர் அச்சட்டம் நீக்கப்படும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். ஆள்வோர் மாறினர், 1885ம் 1933ம் மாறவில்லை.

வானத்துக்கு எல்லையில்லை என்பதைத் தமிழ் மக்களுக்குச் சுவையோடு கற்பித்தது இலங்கை வானொலி. போர்க்காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட ஆற்றல்மிகு நிலையம் பின்னர் இலங்கை அரசிடம் வந்தது. 1950 செப்டம்பர் 30 அன்று அதன் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் பொறுப்பேற்ற ஒலிபரப்புத்துறை அமைச்சர் பி.வி. கேஸ்கர், திரையிசை செவ்வியல் இசையைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அதனை ஏறத்தாழ விலக்கினார். அவர் நோக்கத்தில் குறைகாண வேண்டியதில்லை. மரபிசைக்கு அவர் காலத்தில் கிடைத்த மேடை பெரிது. ஆயின் வானத்தைக் காக்கப் புறப்பட்டவர் கேட்பவரைக் கேளாமல் விட்டார். பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினால் கொழும்பு. தமிழ்நாட்டுக் கடலோர மக்கள் எசு.பி. மயில்வாகனத்தின் குரலையும், பின்னாளில் கே.எசு. ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, இராஜேசுவரி சண்முகம் ஆகியோர் குரல்களையும் உறவினர் குரலாய் அறிந்தனர். மலேசியத் தமிழர் குரல் கேளாத வீட்டிலும் ஈழத்தமிழ் ஒலித்தது. இந்திய நிறுவனங்களின் விளம்பரப் பணம் பாக் நீரிணையைத் தாண்டியது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி பிறந்தது இதற்கு விடையாகவே. அரசு தன் உடைமை என்று கருதிய வானத்தில், கேட்பவர் தம் விருப்பத்தால் வாக்களித்த முதல் தேர்தல் அது என்று கொள்ளத் தகும்.

அரசு ஒலிபரப்பின் நற்பணிகளை மறைப்பதும் நேர்மையன்று. ஊராட்சி மன்றத்துப் பொது வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து மாலையில் ஊர் கூடியது. 1960களின் நடுவில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு, ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்வகையைத் தஞ்சை உழவரிடம் அவ்வளவு விரைவாகக் கொண்டுசேர்த்ததால், அவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஒரு நெல்லுக்கு ஊர்ப்பெயரோ மணத்தின் பெயரோ இராமல் அலையின் பெயர் அமைந்தது அதுவே முதன்முறையாகலாம். 1967 செப்டம்பர் 23 அன்று புதுச்சேரி நிலையம் தொடங்கியபின், பழைய எல்லையின் இருபுறத்து ஊர்களும் ஒரே குரலைக் கேட்டன. பிரெஞ்சுப் பகுதியென்றும் தென்னார்க்காடென்றும் பிரிந்து கிடந்த மண்ணை அலை சேர்த்து வைத்தது. அலையின் பெயரைப் பற்றிய சச்சரவும் உடன் வந்ததுதான். 1957இல் அகில இந்திய வானொலிக்கு ஆகாசவாணி என்ற பெயர் சூட்டப்பட்டது முதல், வானொலி என்னும் தமிழ்ச்சொல்லைக் காக்கத் தமிழகம் குரல் எழுப்பியது. 2023 மே மாதத்தில் ஆங்கிலப் பெயரை விடுத்து ஆகாசவாணி என்றே வழங்கவேண்டும் என்ற ஆணை வந்தபோதும் தமிழ்நாட்டிலிருந்து மறுப்பு எழுந்தது. பெயரிடும் உரிமை உடைமையின் முதல் அடையாளம் என்பதைக் கவிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலை, ஒற்றை உடைமையின் கேட்டை அனைவர்க்கும் காட்டியது. வானொலியும் தொலைக்காட்சியும் ஆள்வோரின் ஊதுகுழல்களாயின. பி.ஜி. வர்கீசு தலைமையிலான குழு 1978இல் தன்னாட்சி அமைப்பொன்றைப் பரிந்துரைத்தது. பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியும், ஏழாண்டு உறங்கி 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இடையில், எவரும் எதிர்பாராத திசையிலிருந்து, ஒரு மட்டைப்பந்து ஆட்டத்தின் வழியே, வானத்தின் வழக்கு உச்சநீதிமன்றப் படியேறியது.

1993 நவம்பரில் வங்காள மட்டைப்பந்துச் சங்கம் தன் வைரவிழாவையொட்டி ஹீரோ கோப்பைப் போட்டிகளை நடத்தியது. படம்பிடித்து ஒளிபரப்பும் உரிமையை அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அளித்தது. தூர்தர்சன் சினந்தது. இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அலை ஏற்றும் உரிமை 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கே உரியது என்றனர். நிறுவனத்தின் கருவிகளைச் சுங்கத்துறை பிடித்துவைத்தது. கல்கத்தா உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் இடைக்கால ஆணைகள் வழங்கி ஆட்டத்தைக் காட்டச் செய்தன. இறுதியாட்டத்தில் அனில் கும்ப்ளே 12 ஓட்டங்களுக்கு 6 பேரை வீழ்த்தியது ஆட்ட வரலாற்றில் நின்றது. அந்த ஆட்டத்தை யார் காட்டலாம் என்ற வழக்கு சட்ட வரலாற்றில் நின்றது.

1995 பிப்ரவரி 9 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பி.பி. சாவந்து தமக்கும் எசு. மோகனுக்குமாக ஒரு தீர்ப்பும், பி.பி. ஜீவன் ரெட்டி தனியே ஒரு தீர்ப்பும் எழுதினர். உடுமலைப்பேட்டையில் பிறந்த மோகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் கவிதை இயற்றியவர். உலகக் கவிஞர் மாநாடுகளோடு தொடர்பு பூண்டவர். வானலை மக்களுடையது என்ற தீர்ப்பில் ஒரு கவிஞரின் கையொப்பமும் இருப்பது இலக்கிய வட்டங்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

தீர்ப்பின் சாரம் மூன்று கூறானது. வானலைகள் பொதுச்சொத்து. அவற்றின் பயன்பாட்டைப் பொதுநலன் கருதி ஒழுங்குபடுத்த வேண்டும். அவ்வாறு ஒழுங்குபடுத்துவது சமுதாயத்தின் எல்லாப் பிரிவினரையும் கொண்ட தன்னாட்சிப் பொது அமைப்பாக இருத்தல் வேண்டும். அதனை நிறுவ நடுவண் அரசு உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும். கருத்துரைக்கும் உரிமை என்பது பேசுபவனுடையது மட்டுமன்று, கேட்பவனுடையதும் ஆகும் என்று அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பை நீதிமன்றம் விரித்தது. இவற்றினும் கூர்மையானது ஜீவன் ரெட்டியின் பகுதி. அரசின் ஏகபோகம் கூடாது என்ற அவர், அதனாலேயே தனியார்க்குத் திறந்துவிட வேண்டும் என்று முடிக்கவில்லை. செல்வம் படைத்த சிலர் கையில் ஒலிபரப்பு சிக்குமானால் அரசின் ஏகபோகத்தினும் அது தீங்காகலாம் என எச்சரித்தார். மக்கள் வேறு, அரசு வேறு. ஒலிபரப்பு மக்களின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்றார். புறம்போக்கு என்ற சொல்லின் பழம்பொருளை, அச்சொல்லை அறியாமலேயே, ஆந்திரத்து நீதிபதி ஒருவர் மீட்டெடுத்தார்.

தீர்ப்பின் மூன்று கூறுகளுள் முதலாவதை அனைவரும் மேற்கோள் காட்டினர். மூன்றாவதை எவரும் நிறைவேற்றவில்லை. 1997இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான ஒலிபரப்புச் சட்டவரைவு, ஒழுங்காற்று ஆணையம் ஒன்றை முன்மொழிந்தது. அவை கலைந்ததும் அது காலாவதியானது. அலைவரிசை ஒதுக்கும் அதிகாரம், 1952இல் அமைந்த அரசுத்துறைப் பிரிவிடமே தங்கியது. 1999க்குப் பின் பண்பலை அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. பாட்டுக்கு இசைவு, சொந்தச் செய்திக்குத் தடை. பொதுச்சொத்து என்ற சொல், பேசும் உரிமையின் வாயிலாக நுழைந்து, விலைமதிப்பின் வாயிலாக வெளியேறியது.

2008 சனவரியில் வழங்கப்பட்ட 122 தொலைத்தொடர்பு உரிமங்களைப் பற்றிய வழக்கு, அலைக்கற்றை என்ற சொல்லைத் தேநீர்க்கடை வரை கொண்டுசென்றது. 2001ஆம் ஆண்டு விலையில், முதலில் வந்தவர்க்கு முதலில் என்ற முறையில் அவை வழங்கப்பட்டன. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2010இல் ஊகித்த இழப்பின் உயர் மதிப்பு 1,76,000 கோடி ரூபாய். அந்த எண்ணே பின்னர் தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளின் பல்லவியானது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்சநீதிமன்றம் 122 உரிமங்களையும் நீக்கியது. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலரே என்றது. ஏலமே உகந்த முறை என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு விடையளிக்கையில், எல்லா வளங்களுக்கும் ஏலம் கட்டாயமன்று என்றும் தெளிவுபடுத்தியது. குற்றவழக்கில் முன்னாள் அமைச்சர் ஆ. இராசா உள்ளிட்ட அனைவரையும் தனி நீதிமன்றம் 2017 டிசம்பர் 21 அன்று விடுவித்தது. இத்தனை ஆண்டு ஆரவாரத்திலும் விவாதம் ஒன்றைச் சுற்றியே நடந்தது: என்ன விலைக்கு விற்பது? 1995இல் எழுந்த வினா, யார் பேசுவது என்பது. அது ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை ஏறத்தாழ 1,50,000 கோடி ரூபாய். பொதுச்சொத்துக்குப் பெருவிலை கிடைப்பதைக் குறைசொல்ல இயலாது; விலை கிடைத்ததாலேயே உடையவனுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்பதே குறையுடைய கூற்று.

இங்கே கோயில் நிலத்து வழக்கம் ஒன்று நினைவுக்குரியது. தமிழ்நாட்டில் கோயில் நிலத்தின் பட்டா இறைவன் பெயரில் இருக்கும். அறங்காவலர் குத்தகைக்கு விடலாம், கணக்கு எழுதலாம், வேலி போடலாம். ஆனால் தாம் உடைமையாளர் என்று ஒருநாளும் சொல்லலாகாது. 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு அரசை அந்த அறங்காவலர் நிலையில் வைத்தது. 1885, 1933 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்கு மாற்றாக இயற்றப்பெற்ற 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ, தன் நான்காம் பிரிவில், நடுவண் அரசு மக்களின் சார்பில் அலைக்கற்றையின் உடைமையாளர் என்று எழுதியது. ‘மக்களின் சார்பில்’ என்ற தொடர் மட்டுமே இடையில் நிற்கிறது. சாமியின் சார்பில் நிலத்துக்கு நானே உடையவன் என்று அறங்காவலர் ஒருவர் எழுதிக்கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? சொல்லின் நுட்பம் அறிந்தவர்கள் இந்த இடத்தில் சற்றே நின்று பார்க்கவேண்டும். 138 ஆண்டுகள் கழித்து வந்த புதிய சட்டத்தில், 1995இன் நீதிபதிகள் கேட்ட தன்னாட்சி அமைப்புக்கு இடமில்லை.

ஊரார் தாமே முறை வைத்துக்கொள்ள இயலுமா என்று வினவுவோருக்குக் கடலோரம் விடை தருகிறது. பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் களங்களை மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையால் பகிர்ந்துகொள்கின்றனர். நல்ல களம் எவருக்கும் நிலையாக உரியதன்று; சீட்டின்படியும் சுற்றின்படியும் மாறி மாறி வரும். இன்று ஒருவனுக்கு வாய்த்த இடம் நாளை மற்றொருவனுக்கு. அலைவரிசைக்கு இதனினும் பொருத்தமான உவமையைப் பொறியியல் நூல்கள் தரவில்லை. பாட்டு முறையையும் பொன்னாக்கிக் காட்டுவதற்கில்லை. பாடு உரிமை பெற்ற சமூகத்தார்க்கே களம், பிறர் கரையில் நின்றனர் என்பதும் அதன் வரலாற்றில் உண்டு. பொதுவென்று சொல்லப்படுவதன் வாயிலிலும் ஒரு கதவு இருக்கும். அக்கதவு யாருக்குச் சாத்தப்பட்டது என்று வானலை விவகாரத்திலும் கேட்கவே வேண்டும்.

கடலில் மற்றொரு வழக்கமும் உலகெங்கும் நிலவுகிறது. கப்பலும் படகும் வைத்திருக்கும் கம்பியில்லாக் கருவியில் 16ஆம் தடம், 156.8 மெகாஹெர்ட்ஸ், இடர் அழைப்புக்கென ஒதுக்கப்பட்டது. எந்த அரசுக்கும் எந்த நிறுவனத்துக்கும் அதில் விற்பனையில்லை. அழைப்பதற்கு முன் கேட்டுப்பார்க்க வேண்டும். ஒருவர் இடரில் இருந்தால் மற்றவர் வாய் மூடவேண்டும். உலக வானத்தில் முழுமையான புறம்போக்காக எஞ்சியிருப்பது அத்தகைய சில தடங்களே.

நிலத்தில் அந்தப் பொதுப்புழக்கத்துக்கு மிக அருகில் வருவது சமுதாய வானொலி. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு இசைவு கிடைத்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலித்தது. மாகாண வானொலிக் கழகம் ஒலித்து 80 ஆண்டுகளுக்குப் பின் அதே நகரம் அரசுடைமையல்லாத, வணிகமுமல்லாத குரல் ஒன்றைப் பெற்றது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் வாயில் திறந்தது. 2008இல் ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்து மாச்சனூரில் தலித் பெண்கள் தம் சங்க வானொலியைத் தொடங்கினர்; பின்னர் பாம்பனில் மீனவர்க்கெனக் கடல் ஓசை ஒலித்தது. அனுமதிக்கப்பட்ட வீச்சாற்றலின் உச்சவரம்பு 100 வாட். கோபுரத்தின் உயரம் 30 மீட்டர். 2006ஆம் ஆண்டு விதிகளின்படி செய்திக்கும் நடப்பு அரசியலுக்கும் இடமில்லை.

அவ்விதிகளின் கீழ்ப் புதுவைப் பல்கலைக்கழகம் தன் காலாப்பட்டு வளாகத்தில் ‘புதுவை வாணி’ என்னும் சமுதாய வானொலியைத் தொடங்கியது. அதன் அலைவரிசை 107.8. ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலாப்பட்டிலிருந்து எழும் அந்த அலை, யூனியன் பிரதேச எல்லையைப் பொருட்படுத்தாமல் சில கல் தொலைவிலுள்ள குயிலாப்பாளையத்தின் முந்திரித் தோப்புகளின் மேலே பரவுகிறது. தாளைத் தடுத்த எல்லையில் இன்று அதனைத் தடுப்பார் இல்லை. மீனவர்க்குக் கடல்நிலை சொல்லலாம். உழவர்க்கு உரம் சொல்லலாம். கவிஞர்க்கு மேடை தரலாம். ஊராட்சியில் நடந்த ஏலத்தைப் பற்றிச் செய்தி வாசிக்க மட்டும் அந்த விதிகள் இசைவளிக்கவில்லை.